பேரனின் அரியணை, பாட்டியின் ஆட்சி: ராணி மங்கம்மாள் (1689–1706)

மதுரை நாயக்க அரசைப் பதினேழு ஆண்டுகள் நடத்திய ராணி மங்கம்மாள் முடி சூடிக்கொள்ளவில்லை. முடி, 1689இல் மூன்று மாதக் குழந்தையாக அரியணையில் அமர்த்தப்பட்ட பேரன் விஜயரங்க சொக்கநாதனுடையது. படை அனுப்பியது, கப்பம் கட்டியது, வாய்க்கால் வெட்டியது, வழக்குத் தீர்த்தது எல்லாம் பாட்டி, செய்யப்பட்டதெல்லாம் பேரனுக்காக. காகதீய அரசி ருத்ரமாதேவியைப் போல அவர் சொந்த உரிமையில் ஆண்டவர் அல்லர். பேரன் வளரும்வரை அரசைக் கட்டிக்காத்து ஒப்படைக்க வேண்டிய காப்பாட்சியாளர். அவருடைய ஆட்சியின் நிதானத்துக்கும், கடைசியில் நேர்ந்த கசப்புக்கும் காரணம் இந்த நிலைதான்.

மங்கம்மாளின் தந்தை துபாகி லிங்கம நாயக்கர், சொக்கநாத நாயக்கரின் தளபதிகளில் ஒருவர். மங்கம்மாளை மணந்த சொக்கநாதர் 1659 முதல் ஆண்டவர். அவர் ஆசைப்பட்டதோ தஞ்சை விஜயராகவ நாயக்கரின் மகளை. தஞ்சை பெண் தர மறுத்தது. அந்த மறுப்பு போராக வளர்ந்து, 1673இல் விஜயராகவர் களத்தில் மாண்டார். தஞ்சை நாயக்க அரசும் அவரோடு முடிந்தது. ஆனால் வென்ற பலன் மதுரைக்கு நிலைக்கவில்லை. தஞ்சையில் அமர்த்தப்பட்ட அழகிரி தன் போக்கில் ஆளத் தொடங்கினார். அந்தக் குழப்பத்துக்கிடையே சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையைப் பிடித்து மராட்டிய ஆட்சியை நிறுவினார். மதுரை அரசின் வாசலில் தஞ்சை நாயக்கரைவிட வலிமையான ஓர் எதிரி வந்து உட்கார்ந்தான் என்பதே சொக்கநாதரின் தஞ்சைப் போர் தந்த மிச்சம். மேற்கே மைசூர் அரசு கொங்குப் பகுதிகளைக் கவ்விக்கொண்டிருந்தது. தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியிருந்த சொக்கநாதர், இடையில் அரியணையையே இழந்து ருஸ்தம் கான் என்ற குதிரைப்படைத் தலைவனின் பிடியில் சிக்கி, பிறகு மீண்டு, 1682இல் இறந்தார்.

சொக்கநாதர், மங்கம்மாளின் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர் துடிப்பான இளைஞர். இழந்த நிலத்தில் ஒரு பகுதியை ஏழு ஆண்டுகளில் மீட்டார். 1689இல் பெரியம்மை அவரைக் கொண்டுபோனது. அவர் மனைவி முத்தம்மாள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. கணவனோடு உடன்கட்டை ஏற அவர் பிடிவாதம் பிடித்தார். குழந்தை பிறக்கட்டும் என்று மங்கம்மாள் தடுத்து நிறுத்தினார். பிள்ளை பிறந்த சில நாட்களில் முத்தம்மாள் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார் என்று அக்காலத்து ஏசு சபைப் பாதிரிமார்களின் கடிதங்கள் கூறுகின்றன. மங்கம்மாளின் ஆட்சி பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி இக்கடிதங்களிலிருந்து கிடைத்ததே. கணவரையும் மகனையும் மருமகளையும் ஏழே ஆண்டுகளில் பறிகொடுத்த ஒரு பெண்ணின் மடியில் ஒரு பச்சிளங்குழந்தையும் ஓர் அரசும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தன.

அதே 1689ஆம் ஆண்டுதான் தமிழகத்தின் வட பகுதி பெரும் போர்க்களமாக மாறத் தொடங்கியது. இத்தொடர் ஆரணி வட்டாரத்தை நடுவில் வைத்து எழுதப்படுவதால் அந்தப் போரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணிக் கோட்டை பீஜப்பூர் சுல்தான்களின் காலத்திலேயே மராட்டியர் பொறுப்புக்கு வந்துவிட்டது. சிவாஜியின் தந்தை ஷாஹ்ஜியின் காலம் முதல் அதை நிர்வகித்த வேதாஜி பாஸ்கர பந்த், 1677இல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது அவர் பக்கம் சேர்ந்தார். ஆரணி ஜாகீர் என்று பின்னால் நெடுங்காலம் நீடித்தது அவர் வழியினரின் உடைமைதான். ஆரணிக்குத் தெற்கே செஞ்சி. 1689இல் ஔரங்கசீப் சிவாஜியின் மகன் சம்பாஜியைக் கொன்றதும், தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி வந்து புகலடைந்த இடம் செஞ்சிக் கோட்டை. அவரைத் துரத்தி வந்த முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் செஞ்சியை வளைத்தார். முற்றுகை 1698 தொடக்கம்வரை நீண்டது. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இரண்டு பெரும்படைகளுக்கும் தானியமும் தீவனமும் பணமும் இந்தச் சீமையிலிருந்தே போக வேண்டியிருந்தது. ஆற்காட்டுக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர்கள் இதற்குக் கொடுத்த விலை பெரிது.

தப்பி வந்த ராஜாராமுக்கு வழியில் அடைக்கலம் தந்து அனுப்பியவரும் ஓர் அரசியே. கன்னட நாட்டின் கெளதி அரசி சென்னம்மா, 1671 முதல் கால் நூற்றாண்டு ஆண்டவர். அடைக்கலம் என்று வந்தவனைக் கைவிடுவதில்லை என்று நின்று, ஔரங்கசீப்பின் படை தன் நாட்டின் மீது வந்தபோது அதையும் எதிர்கொண்டார். மங்கம்மாள் எடுத்த முடிவு இதற்கு நேர் எதிரானது. முகலாயப் பேரரசின் மேலாதிக்கத்தை ஒப்புக்கொண்டு கப்பம் கட்டினார். ஜுல்பிகர் கானுக்கு விலையுயர்ந்த பரிசுகளை அனுப்பி, அந்த நட்பைக் காட்டித் தஞ்சை மராட்டியர் பிடித்துவைத்திருந்த தம் ஊர்கள் சிலவற்றைத் திரும்பப் பெற்றார்.

சென்னம்மாவின் வீரத்தைப் போற்றுகிறவர்கள் மங்கம்மாளின் கப்பத்தைக் குறைவாக நினைப்பதுண்டு. அது நியாயமான கணக்கு அல்ல. கெளதிக்கு மலையும் காடும் அரண். திருச்சிராப்பள்ளிக்கோ செஞ்சியிலிருந்து சமவெளியில் தடையில்லாத பாதை. பீஜப்பூரும் கோல்கொண்டாவும் 1686, 1687 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் ஔரங்கசீப்பிடம் விழுந்ததைத் தென்னாடே பார்த்திருந்தது. அந்தப் படையைக் கைக்குழந்தையை அரசனாக வைத்துக்கொண்டு எதிர்ப்பது அரசையே தொலைக்கும் வழி. 1694இல் ஜுல்பிகர் கான் தெற்கே இறங்கித் தஞ்சையைப் பணிய வைத்துக் கப்பம் வாங்கியபோது மங்கம்மாளின் கணிப்பு சரியென்று தெரிந்தது. எட்டு ஆண்டுச் செஞ்சிப் போர் மதுரை நாட்டுக்குள் நுழையவில்லை. அவருடைய அரசியல் வெற்றிகளில் இதையே முதலில் வைக்க வேண்டும்.

கப்பம் கட்டியவர் வாளெடுக்காதவர் அல்லர். திருவிதாங்கூர் அரசர் ரவிவர்மா மதுரைக்குச் செலுத்த வேண்டிய திறையை நிறுத்தியிருந்தார். வசூலிக்கப் போன படை கல்குளத்தில் சூழ்ச்சியால் மடக்கப்பட்டு அழிந்தது. உயிரோடு திரும்பியவர்கள் சிலரே. 1697இல் தளவாய் நரசப்பையா பெரும்படையோடு போனார். கடும் சண்டைக்குப் பிறகு திருவிதாங்கூர் பணிந்தது. நிலுவைத் திறையோடு பீரங்கிகளும் திருச்சிக்கு வந்து சேர்ந்தன.

தஞ்சையோடு உறவு வேறு விதமானது. ஏகோஜியின் மகன் ஷாஹ்ஜி அங்கே 1684 முதல் ஆண்டுகொண்டிருந்தார். எல்லைக் கொள்ளை இரு பக்கமும் வழக்கமாகவே இருந்தது. 1700இல் அது முற்றியபோது நரசப்பையா கொள்ளிடத்தின் வடகரையில் பாளையம் இறங்கினார். ஆற்றில் நீர் குறைந்த சமயம் பார்த்துத் துறை கடந்து தஞ்சை நாட்டுக்குள் புகுந்து சூறையாடினார். தங்கள் ஊர்களைக் காக்கப் பதறியடித்துத் திரும்பிய தஞ்சைப் படையினரில் பலர், அதற்குள் பெருகிவிட்ட ஆற்றோடு போனார்கள். தஞ்சை அமைச்சர் பாலாஜி பெரும்பணம் திரட்டிக் கொடுத்துச் சமாதானம் வாங்கினார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு மதுரை அவையினரின் கைகளுக்குள்ளும் போனது என்கிறார்கள் பாதிரிமார்கள். ராணியின் அவையில் பணத்துக்கு வளைகிறவர்கள் இருந்தார்கள் என்பதை இது காட்டுகிறது.

இதே ஷாஹ்ஜியோடு மங்கம்மாள் கைகோத்ததும் உண்டு. மைசூரின் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே ஓர் அணை எழுப்பித் தண்ணீரை மறித்தார். ஆற்றில் வெள்ளம் வர வேண்டிய காலத்தில் மணல் தெரிந்தது. திருச்சிச் சீமையும் தஞ்சைச் சீமையும் ஒன்றாகக் காய்ந்தன. பரம்பரைப் பகையை ஒதுக்கிவைத்து இரு அரசுகளும் கூட்டாகப் படை திரட்டின. படை கிளம்புவதற்கு முன்பே பெருமழை கொட்டி அணையை உடைத்துக்கொண்டு போயிற்று. போர் நடக்கவில்லை. காவிரி நீருக்காக மேல்நாட்டுக்கும் கீழ்நாட்டுக்கும் இடையே எழுந்த பழைய தகராறுகளில், கீழ்நாட்டு அரசுகள் இரண்டு ஒன்றுசேர்ந்து நின்ற நிகழ்ச்சியாக இது நினைவில் வைக்கத் தக்கது. இதே காவிரியிலிருந்து பிரிந்து திருச்சிக்கு நீரூட்டும் உய்யகொண்டான் வாய்க்காலைச் செப்பனிட்ட பெருமையும் மங்கம்மாளுக்கு உண்டு.

அவரால் முடியாமல் போனது இராமநாதபுரம். கிழவன் சேதுபதி எனப்பட்ட ரகுநாத சேதுபதி, சொக்கநாதர் காலத்தில் மதுரைக்கு உற்ற துணையாக இருந்தவர். ருஸ்தம் கானின் பிடியிலிருந்து சொக்கநாதரை விடுவித்தவர். போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டிய அவர், மெல்ல மெல்ல மதுரையின் கட்டிலிருந்து விலகினார். 1702இல் நரசப்பையா தலைமையில் படை சென்றது. களத்தில் நரசப்பையாவே கொல்லப்பட்டார். திருவிதாங்கூரையும் தஞ்சையையும் பணிய வைத்த தளவாயின் சாவு ராணிக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. அதற்குப் பிறகு சேதுபதியின் மறவர் சீமை மதுரைக்குத் திரும்பவில்லை. மங்கம்மாளின் வெற்றிகள் எவ்வளவு தூரம் ஒரு தளவாயின் தோளில் நின்றன என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது.

மறவர் சீமையோடு இருந்த கசப்பில் சமயமும் கலந்திருந்தது. ஏசு சபைப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் கிழவன் சேதுபதியின் ஆணையால் தலை வெட்டப்பட்டார். மங்கம்மாளின் நாட்டில் பாதிரிமார்கள் தடையின்றி நடமாடினார்கள். இராமநாதபுரத்தில் சிறைப்பட்டிருந்த மெல்லோ பாதிரியாரை அவர் தலையிட்டு விடுவிக்கச் செய்தார். பூஷே பாதிரியாரைத் தளவாய் நரசப்பையா திருச்சியில் அரச மரியாதையோடு வரவேற்றார். 1701இல் திருச்சி நத்ஹர் வலி தர்காவுக்கு நிலம் வழங்கி ராணி செப்பேடு கொடுத்தார். இவற்றை இன்றைய சொல்லில் மதச்சார்பின்மை என்று அழைப்பது பொருந்தாது. மங்கம்மாள் ஆழ்ந்த சைவ வைணவப் பற்றுள்ளவர்; மதுரை மீனாட்சி கோயில் ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் சிறுவன் விஜயரங்கனோடும் தளவாயோடும் அவர் நிற்கும் ஓவியம் இருக்கிறது. தம் குடிகள் அவரவர் நெறியில் நிற்க அரசு காவலாக இருக்க வேண்டும் என்ற பழைய அரச தர்மத்தை அவர் உண்மையாகவே கடைப்பிடித்தார். அக்காலத்து அரசர் எல்லாரும் அப்படிச் செய்யவில்லை.

பட்டுநெசவாளர்களின் வரலாற்றில் மங்கம்மாளின் பெயர் நிற்பது 1705ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றால். குஜராத்திலிருந்து புறப்பட்டு, தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகர்ந்து, விஜயநகர நாடு வழியாகத் தமிழகம் வந்தவர்கள் சௌராஷ்டிரர். பட்டுநூல்காரர் என்பது அவர்களுக்கு ஊரார் வைத்த பெயர். திருமலை நாயக்கர் அழைத்துவந்து குடியமர்த்தினார் என்பது மதுரைச் சௌராஷ்டிரரின் மரபு. நாயக்கர் மஹாலைச் சுற்றிய தெருக்களில் அவர்கள் இன்றும் அடர்ந்து வாழ்கிறார்கள். ஆரணியிலும் செங்குந்தர் முதலிய நெசவுக் குலத்தவரோடு சௌராஷ்டிரரும் பல தலைமுறைகளாகப் பட்டுத் தறியில் இருப்பவர்கள். சேலம், கும்பகோணம், பரமக்குடி, வாலாஜாபேட்டை என்று அவர்களின் ஊர்கள் நீளும்.

மதுரையில் இவர்கள் பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டச் சடங்கைச் செய்தபோது தகராறு கிளம்பியது. பிராமணருக்குரிய சடங்கை நெசவாளர் எப்படிச் செய்யலாம் என்று எதிர்ப்பு வந்தது. மதுரை ஆளுநர் பதினெட்டுப் பேரைப் பிடித்துச் சிறையில் வைத்தார். வழக்கு ராணியிடம் போனது. மங்கம்மாள் தம் இஷ்டப்படி தீர்ப்புச் சொல்லவில்லை. சாத்திரம் அறிந்த பண்டிதர்களைக் கூட்டி விசாரிக்கச் சொன்னார். சௌராஷ்டிரருக்கு அந்தச் சடங்கு செய்யும் உரிமை உண்டு என்று அவர்கள் முடிவு கூற, அதை உறுதிப்படுத்தி ஓலைச் சாசனம் வழங்கினார். பிடிபட்டவர்களின் பக்கம் நியாயம் என்று அரசே எழுதிக் கொடுத்தது.

இந்தத் தீர்ப்பின் எல்லையையும் சொல்ல வேண்டும். சாதி அடுக்கை மங்கம்மாள் கலைக்கவில்லை. அந்த அடுக்குக்குள் ஒரு குலம் கேட்ட இடத்தை அதற்கு உறுதி செய்தார், அவ்வளவே. ஆனாலும் அவர் நடந்துகொண்ட முறை கவனத்துக்குரியது. ஆளுநரின் அதிகாரத்தைவிட விசாரணையை மேலே வைத்தார். நெசவாளர்கள் ஊரைவிட்டுப் போனால் தறிகள் ஓய்ந்துவிடும், தறிவரியும் துணி வாணிபமும் படுத்துவிடும் என்பது எந்த நாயக்க அரசருக்கும் தெரிந்த விஷயம். தறியும் பாவும் எளிதில் தூக்கிச் செல்லக்கூடியவை. குடி பெயர்வதே அக்காலத்து நெசவாளரின் கடைசி ஆயுதம். குறையை முறையிட்டுத் தீர்த்துக்கொள்ள வழி இருக்கும் ஊரில்தான் கைவினைக் குலங்கள் நிலைத்தன. அந்த ஓலையைச் சௌராஷ்டிர சமூகம் பத்திரமாகப் பாதுகாத்து, இருநூறு ஆண்டுகள் கழிந்தும் தன் உரிமைக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டியது.

துணிப் பொதியும் நெல் மூட்டையும் ஏற்றிய மாடுகள் போக வேண்டிய பாதைகளிலும் மங்கம்மாளின் கை பட்டது. பொதுமக்கள் நினைவில் அவர் முதன்மையாகச் சாலை போட்ட ராணிதான். மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை சென்ற நெடுவழி, இரு மருங்கும் நிழல் மரங்கள், கிணறுகள், தண்ணீர்ப்பந்தல்கள், இடையிடையே சோறு போடும் சத்திரங்கள். மங்கம்மாள் சாலை என்ற பெயர் தென்மாவட்டங்களில் இன்னும் பல இடங்களில் வழங்குகிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் அந்தச் சத்திரங்களில் பெயர்பெற்றது. ஒருநாள் மறதியாய் இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்டதற்குப் பரிகாரமாகவே இந்த அறங்களைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையைக் கதையாகக் கொள்ளலாம். திருச்சியில் தலைநகரும், மதுரையில் கோயிலும் சந்தையும், நெல்லையில் வயலும், குமரியில் எல்லையும் கொண்ட ஒரு நாட்டுக்குச் சாலைதான் நரம்பு. திருவிதாங்கூர்ப் படையெடுப்பை நடத்திய அரசிக்கு அந்த வழியின் அருமை நன்றாகவே தெரிந்திருக்கும்.

மதுரையில் அவர் தங்கிய தமுக்கம் அரண்மனை பின்னர் ஆங்கிலேய அதிகாரிகளின் இருப்பிடமாகி, 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது. 

1706இல் மங்கம்மாளின் ஆட்சி முடிந்தது. பேரனுக்குப் பதினேழு வயது. எப்படி முடிந்தது என்பதில் ஊர் வழக்கு ஒன்று அழுத்தமாக இருக்கிறது. அரசைக் கையளிக்க ராணி தயங்கினார், தளவாய் அச்சையாவின் மீது வைத்த நம்பிக்கை பற்றி அவதூறு கிளம்பியது, பேரனின் பக்கத்தார் அவரை அவருடைய அரண்மனையிலேயே அடைத்துவைத்து, எட்டாத தூரத்தில் உணவை வைத்துப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்று அந்த வழக்கு சொல்கிறது. இதை உறுதிசெய்யும் சமகாலச் சான்று கிடையாது. ஆனால் இப்படி ஒரு கதை பிறக்க இடம் இருந்தது. காப்பாட்சிக்கு முடிவு நாள் உண்டு. பதினேழு ஆண்டுகள் ஆணையிட்டுப் பழகிய ஒருவரையும், ஆணையிடக் காத்திருக்கும் ஓர் இளைஞனையும், அவர்களில் யார் பக்கம் சேர்வது என்று பார்த்துக்கொண்டிருக்கும் அவையையும் அந்த நாள் நேருக்கு நேர் நிறுத்தும். அவதூறு ஒரு பெண் ஆண்டால் எளிதில் எடுபடும் ஆயுதம்; ஆண் அரசர்களின் அந்தப்புரங்களைப் பற்றி யாரும் அவ்வளவு கவலைப்பட்டதில்லை. பட்டினிச் சாவுக் கதையை விட்டுவிடாத மக்கள், ராணியின் பக்கம் நின்றே அதைச் சொல்லி வந்திருக்கிறார்கள். நா. பார்த்தசாரதியின் ‘ராணி மங்கம்மாள்’ நாவல் அந்தச் சோகத்தைத் தமிழ் வாசகரிடம் பரவலாகக் கொண்டு சேர்த்தது.

விஜயரங்க சொக்கநாதர் 1732 வரை ஆண்டார். கோயில்களுக்கு வாரி வழங்கியவர். ஆட்சிக் கணக்கில் கவனம் செலுத்தாதவர். பாட்டி அடைத்துவைத்த ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மனைவி மீனாட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்க, பங்காரு திருமலை என்பவரின் தரப்பு அதை எதிர்த்தது. இந்தப் பிளவில் நுழைந்த ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாஹிப், காப்பதாக மீனாட்சிக்கு வாக்குக் கொடுத்து உள்ளே வந்து, திருச்சியைத் தமதாக்கிக்கொண்டார். மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார். மதுரை நாயக்க அரசு அத்தோடு மறைந்தது.

சந்தா சாஹிப்பின் குடும்பத்துக்கு நேர்ந்த முறிவுகளில் ஒன்று ஆரணியில் நிகழ்ந்தது. ஆற்காட்டு முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கிய அவருடைய மகன் ராஜா சாஹிப்பையும் உடனிருந்த பிரெஞ்சுப் படையையும், ஆங்கிலக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு 1751 டிசம்பர் 3 அன்று ஆரணிக்கு அருகே தோற்கடித்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் சந்தா சாஹிப் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். மங்கம்மாளின் தலைநகராக இருந்த திருச்சிராப்பள்ளி ஆற்காட்டு நவாப் முகமது அலியின் கையிலும், அவர் வழியாக ஆங்கிலக் கம்பெனியின் பிடியிலும் போய்ச் சேர்ந்தது.